வாசலில் குரைக்கும் நாய்: பதற்றம் எப்படி வேலை செய்கிறது, வீடு அதில் எங்கே வருகிறது

"ஒரே டென்ஷன்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? பஸ்ஸைத் தவறவிட்டவரும் அதைத்தான் சொல்கிறார், மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லாதவரும் அதைத்தான் சொல்கிறார். மன அழுத்தம் என்ற சொல்லும் அப்படித்தான். வேலைப்பளுவுக்கும் அதே சொல், எதிலும் பிடிப்பில்லாமல் முடங்கிப்போகும் நோய்க்கும் அதே சொல். எல்லாம் கலந்து கிடப்பதால், தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நம் கையில் இருக்கும் பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்."

என் அம்மா கவலைப்படுகிறவர். வீட்டில் யாராவது சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். "சும்மா உட்காரேன்" என்பார் அப்பா. நானும் பல வருஷம் அதையே சொல்லியிருக்கிறேன். உட்கார மனமில்லாமல் அவர் நடக்கவில்லை, உட்கார முடியாமல்தான் நடந்தார் என்பது, இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு வீட்டில் சில விஷயங்களை மாற்ற முடிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

பயம் என்பது கண்முன் இருக்கும் ஆபத்துக்கு வருவது. காலடியில் பாம்பு கிடக்கிறது, துள்ளி விலகுகிறோம். பாம்பு போனதும் பயமும் மெல்லப் போய்விடும்.

பதற்றம் என்பது இன்னும் வராத ஆபத்துக்கு வருவது. புதரைப் பார்த்ததும் "உள்ளே பாம்பு இருந்தால்?" என்று உடம்பு இறுகுகிறதே, அது. இருக்கிற பாம்பு ஒரு கட்டத்தில் போய்விடும். இல்லாத பாம்பு எப்போது போகும்? அதனால்தான் பதற்றத்துக்குத் தானாக வரும் முடிவு கிடையாது.

கவலை என்பது அந்தப் பதற்றத்தின் பேச்சு. "கடித்துவிட்டால்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? வண்டி கிடைக்குமா?" என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் வாக்கியங்கள். பதற்றம் உடம்பில் நடக்கிறது, கவலை சொற்களில் நடக்கிறது.

மன அழுத்தம் என்பது சுமை. தலையில் இருக்கும் பாரம் நம் தெம்பை மீறும்போது வருவது. கடன், படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வது, போன வேலை, முடியாத வழக்கு. சுமை இறங்கினால் பெரும்பாலும் அழுத்தமும் இறங்கும்.

எதிலும் ஆர்வமற்றுச் சோர்ந்துபோகும் நோய்க்கு மனச்சோர்வு என்று தனிப்பெயரே இருக்கிறது. அது பதற்றத்தோடு சேர்ந்து வருவதுண்டு, ஆனால் அது வேறு. இங்கே பேசப்போவது பதற்றத்தையும், அதற்குத் தீனி போடும் கவலையையும், இவை இரண்டும் ஒரு வீட்டுக்குள் எப்படிப் பரவுகின்றன என்பதையும்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. தொண்டை வறண்டுவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், எல்லாமே உடம்பின் இடங்கள். இதை மனசின் பலவீனம் என்று பிற்பாடு யாரோ சொல்லப்போய் நாம் நம்பிவிட்டோம். தமிழ் பேசியவர்கள் அதை உடம்பில்தான் பார்த்திருக்கிறார்கள், சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

வாசலில் ஒரு காவல் நாய் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால் குரைக்கும். தபால்காரர் வந்தாலும் குரைக்கும். காற்றில் தகரம் ஆடினாலும் குரைக்கும். தப்பாகக் குரைத்தால் நமக்குக் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். குரைக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தால் வீடே போய்விடும். ஆகவே அதிகம் குரைக்கும் நாய்தான் நல்ல காவல் நாய்.

நம் மூளையின் உள்ளே, இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் பாதாமுக்கான சொல்லிலிருந்து வந்தது. ஆபத்தின் சாயல் தெரிந்தாலே எச்சரிக்கை கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நாய் என்று சொல்லப்போகிறேன். மூளையில் இன்னும் பல பகுதிகள் இதில் கைகோத்து வேலை செய்கின்றன, ஆனால் விஷயம் புரிய இது போதும்.

நாய் குரைத்ததும் தானியங்கு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது. நாம் சொல்லாமலே இதயத்தையும் மூச்சையும் செரிமானத்தையும் நடத்தும் நரம்புகளின் அமைப்பு அது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. ஓடவும் அடிக்கவும் தேவையான பெரிய தசைகளுக்கு ரத்தம் திரும்புகிறது, வயிற்றுக்குப் போவது குறைகிறது. வயிற்றில் புளி கரைவது இதனால்தான். எச்சில் சுரப்பதும் குறைவதால் தொண்டை வறள்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இதை விவரித்தபோது, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்றார்.

அட்ரினலின் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் பின்னாலேயே கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. நெருக்கடி நீண்டால் தாக்குப்பிடிக்கச் சர்க்கரையைத் திரட்டித் தருவது அதன் வேலை. அது உச்சத்துக்குப் போவதற்கே 20, 30 நிமிடங்கள் ஆகும், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். "அதான் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்கிறோமே, அப்போது அவர் உடம்பில் வேலை இன்னும் முடியவில்லை.

அப்புறம், நெற்றிக்குப் பின்னால் யோசித்து முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதி இருக்கிறது. சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் வீட்டுக்காரர் இவர்தான். "கவலைப்படாதே" என்று நாம் சொல்வது இவர் காதில் விழுகிறது, இவரும் தலையாட்டுகிறார். ஆனால் குரைப்பது இவர் இல்லையே. நாய்க்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகம், குரல், மூச்சு, அப்புறம் அனுபவம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பதற்றம் என்பது ஆபத்தை முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு. அது தப்பாகக் குரைப்பது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. வார்த்தைகளால் மட்டும் அதை அடக்க முடியாது.

தபால்காரர் ஏன் போனார்?

பதற்றம் வருவது இயல்பு என்றால் சிலருக்கு மட்டும் ஏன் அது வளர்ந்துகொண்டே போகிறது? இந்த விஷயத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். எப்படியும் போகத்தான் போகிறார். ஆனால் நாயின் கணக்கு வேறு: நான் குரைத்தேன், அதனால் அவன் ஓடிவிட்டான். மறுநாள் இன்னும் சத்தமாகக் குரைக்கும். ஒரு வருஷம் போனால் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டாலே எகிறும். அந்த ஒரு வருஷத்தில் தபால்காரர் ஒரு தடவைகூட எதுவும் திருடவில்லை என்பது நாய்க்குத் தெரியவே தெரியாது.

என் அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். அண்ணன் வர நேரமானால் போன் செய்வார். "வந்துட்டே இருக்கேம்மா" என்பான். அந்த நொடியில் அவர் முகம் தளர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், தோள் இரண்டு அங்குலம் இறங்கும். ஆனால் கால் மணி நேரத்தில் மறுபடி நடக்க ஆரம்பிப்பார், மறுபடி போன். முதலில் அரை மணிக்கு ஒரு தடவை அழைத்தவர், சில மாதங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைத்தார். ஒவ்வொரு அழைப்பும் நிம்மதி தந்தது. அந்த நிம்மதிதான் அடுத்த அழைப்பை அவசியமாக்கியது. "போன் செய்தேன், அதனால் அவன் பத்திரமாக இருக்கிறான்" என்று நாய் கற்றுக்கொண்டது. போன் செய்யாமலே அவன் பத்திரமாக வந்து சேர்வதைப் பார்க்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை.

இதற்குத் தவிர்த்தல் என்று பெயர். பதற்றம் தரும் விஷயத்தை விட்டு விலகுவது, அல்லது ஏதாவது செய்து அந்த நிமிடத்துக்கு அதை அணைப்பது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் செருகுவது தவிர்த்தல்தான். விசேஷத்துக்குப் போனால் வேலையைப் பற்றிக் கேட்பார்களே என்று போகாமல் இருப்பதும் அதுதான். கதவைப் பூட்டினோமா என்று நான்காவது முறை இழுத்துப் பார்ப்பதும், தலைவலிக்கு இணையத்தில் ராத்திரி இரண்டு மணிவரை காரணம் தேடுவதும் அதே குடும்பம். எல்லாம் உடனே நிம்மதி தரும். எல்லாம் நாயை இன்னும் குரைக்கப் பழக்கும்.

மாற்று வழி என்ன? தபால்காரர் ஒன்றும் செய்யமாட்டார் என்பதை நாயே பார்க்க வேண்டும், அதுவும் அதனால் தாங்க முடிகிற தூரத்திலிருந்து. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் சுமார் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். முயலைக் கண்டாலே அவனுக்குப் பயம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு அறையின் தொலைவில் வைத்தார்கள். அவன் அழாத தூரம் எதுவோ அங்கே. பிறகு நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான். நூறு வருஷம் ஆகியும், படிப்படியாக எதிர்கொள்ளுதல் என்ற இந்த வழிதான் பதற்றத்துக்கான சிகிச்சையின் நடுத்தூணாக இருக்கிறது. ஒரேயடியாகத் தள்ளிவிடுவது இல்லை இது. "தண்ணியில தூக்கிப் போட்டா நீச்சல் தன்னால வரும்" என்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். அப்படிப் போடப்பட்ட சிலர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை.

கவலை ஏன் ஓயாது?

1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், அதுவரை அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. ஒரு நினைப்பு வரக் கூடாது என்றால் அது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்ப்பதற்கு அதை நினைக்க வேண்டும். "அதையே நினைச்சிட்டிருக்காதே" என்ற அறிவுரை தோற்பது இங்கேதான்.

தடுப்பதைவிடத் தள்ளிப்போடுவது எளிது. தினமும் ஒரே நேரத்தில், தூங்கப்போகும் நேரமாக இல்லாமல், அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவது. 1980-களிலிருந்தே சோதித்துப் பார்க்கப்பட்ட முறை இது. ஆறு மணிக்கு அந்தத் தாளை எடுத்தால் பாதி வரிகளில் சூடு ஆறியிருக்கும். மீதியில் ஏதாவது செய்ய முடிந்ததென்றால் அது கவலை இல்லை, வேலை. யாரிடம் பேசுவது, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிடலாம். செய்ய ஒன்றுமே இல்லாதவையும் சில மிஞ்சும். அவற்றோடுதான் கொஞ்சம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது, அது கஷ்டம்தான்.

கவலைக்குப் பிடித்த உணவு நிச்சயமின்மை. லண்டனில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 45 பேர் கணினி விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். திரையில் வரும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த அழுத்தத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் அழுத்தம் உச்சத்தில் இருந்தது. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் வாரம், முடிவு வந்த நாளைவிடக் கொடுமையாக இருப்பதை அனுபவித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். அரண்டிருக்கும் நேரத்தில் நாம் இருட்டையே தேடிப் போகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஆய்வில், அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளையே பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சலைச் சொன்னார்கள். செய்தியைத் தெரிந்துகொள்ள ஒரு நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போதும். அதற்கு மேல் பார்ப்பது தகவல் இல்லை, சைக்கிள் மணி.

சுருக்கமாக: தவிர்ப்பதால் வரும் நிம்மதி பதற்றத்தை வளர்க்கிறது. கவலையை அடக்கினால் திமிறும், நேரம் ஒதுக்கினால் அடங்கும். தெரியாமல் இருப்பதே பெரும்பாலும் தெரிவதைவிடக் கனமானது. இந்தக் கடைசி விஷயம் வீட்டுக்குள் வரும்போது ரொம்ப முக்கியமாகிறது.

ஒரு நாய் குரைத்தால் தெருவே குரைக்கும்

ராத்திரியில் ஒரு நாய் எதையோ பார்த்துக் குரைக்கும். அடுத்த வீட்டு நாய் எதையும் பார்த்திருக்காது, ஆனாலும் குரைக்கும். நம் பதற்றமும் தனித்தனியாக வேலை செய்வதில்லை.

1985-இல் வெளிவந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும், எனக்கு மறக்கவே மறக்காதது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேஜை ஒன்றின்மேல் விட்டார்கள். மேஜையின் பாதியில் கண்ணாடிக்கு அடியில் தரை கொஞ்சம் பள்ளமாக இறங்குவதுபோல் தெரியும். கண்ணாடி இருப்பதால் விழ முடியாது. மறுமுனையில் ஒரு பொம்மை, பக்கத்தில் அம்மா. குழந்தை பள்ளத்தின் விளிம்புவரை தவழ்ந்து வரும், நிற்கும், கீழே பார்க்கும், அப்புறம் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மாக்களில் சிலரைச் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள், சிலரைப் பயந்த முகத்தோடு. ஒரு வார்த்தை பேசக் கூடாது. சிரித்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

ஆக, நம் வீட்டுக் குழந்தை நாம் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே நம் முகத்தைப் படித்து முடித்திருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது அழகானது. 2006-இல் ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளரின் குழு, திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, காலில் லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தது. தனியாக இருந்தபோது மூளையின் அபாயப் பகுதிகள் பலமாக எரிந்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாகத் தணிந்தன. மணவாழ்க்கை நிறைவாக இருந்தவர்களுக்கு அந்தத் தணிவும் கூடுதலாக இருந்தது. அதிர்ச்சி வரும் வாய்ப்பு துளியும் குறையவில்லை. கை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

குடும்ப நலம் என்றால் வீட்டில் யாரும் பதறாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு வீடு கிடையாது. ஒருவர் பதறும்போது இன்னொருவரால் பதறாமல் பக்கத்தில் இருக்க முடிகிறது, நாளைக்கு அது மாறி நடக்கிறது. அந்த மாற்றி மாற்றித் தாங்குதலுக்குத்தான் குடும்ப நலம் என்று பெயர் வைப்பேன்.

குழந்தையிடம் என்ன சொல்வது?

அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள், குழந்தை வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். அந்தக் குழந்தை இப்போது பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத விளையாட்டில் மாட்டிக்கொண்டது. அது ஊகிப்பது நடந்ததைவிடப் பெரும்பாலும் மோசமாக இருக்கும். நான்தான் காரணமோ என்றும் நினைக்கும்.

இப்படிப் பேசலாம்:

"அம்மா, அப்பாவுக்கு வேலை போயிடுச்சா?"

"ஆமா கண்ணு. போன வாரம் போச்சு."

"அப்ப நாம என்ன பண்றது?"

"அப்பா வேற வேலை தேடுறாங்க. எப்ப கிடைக்கும்னு எங்களுக்கும் தெரியாது. அதுவரைக்கும் சேர்த்து வச்ச பணம் கொஞ்சம் இருக்கு. நீ இதே ஸ்கூலுக்குத்தான் போவ. புதுசா ஏதாவது தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சொல்றோம்."

"உனக்குப் பயமா இருக்காம்மா?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா இதை எப்படிப் பார்த்துக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

இதில் பொய் இல்லை. தெரிந்தது எது, தெரியாதது எது, மாறாதது எது, அடுத்து எப்போது பேசுவோம் என்று நான்கும் இருக்கின்றன. அம்மா பயத்தை மறைக்கவில்லை, அதைக் குழந்தையின் தோளில் இறக்கிவைக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலான இந்த இடம்தான் கடினம். முதல் தடவையே சரியாக வராது, பரவாயில்லை.

குழந்தைக்கே பதற்றம் அதிகம் என்றால், பாசத்தால் நாம் செய்யும் சில காரியங்கள் தபால்காரர் கதையாகிவிடும். தனியாகப் படுக்கப் பயப்படும் பத்து வயதுப் பையனோடு தினமும் படுத்துக்கொள்வது, கடையில் பேசக் கூச்சப்படும் பெண்ணுக்காக எல்லாவற்றையும் நாமே பேசுவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ஒரு முறையில் குழந்தைகள் சிகிச்சைக்கே வருவதில்லை, பெற்றோர் மட்டும்தான் வருகிறார்கள். இப்படி வளைந்துகொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இணையான பலன் அதில் கிடைத்தது. அவர்கள் பயிலும் பேச்சில் இரண்டு பாதிகள் உண்டு. "உனக்கு இது ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு புரியுது" என்பது ஒரு பாதி. "உன்னால இதைத் தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்" என்பது மறுபாதி. முதல் பாதியை மட்டும் சொன்னால் செல்லம், இரண்டாவதை மட்டும் சொன்னால் அதட்டல்.

மூச்சு எதற்கு உதவும், எதற்கு உதவாது?

தானியங்கு நரம்பு மண்டலத்தில் முடுக்கும் கிளைபோலவே அடக்கும் கிளையும் உண்டு. மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், குடல்வரை இறங்கும் வேகஸ் நரம்பு அதில் முக்கியமானது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். ஆகவே விடும் மூச்சை நீட்டினால் இதயத்துக்கு மெதுவாகப் போகச் சொல்கிறோம். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, நான்கைந்து நிமிடம். நாய்க்குப் புரியும் சில மொழிகளில் இது ஒன்று.

ஆனால் மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. வீட்டில் ஒரே ஆள் சமையல், கணக்கு, மாத்திரை, பள்ளிக்கூடம் என எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு இருப்பது சுமை. சுமைக்கு மருந்து அதை இறக்குவது. வாரம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து, அவர் தலையில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் எதை முழுசாக எடுத்துக்கொள்வது என்று பிரித்துப் பாருங்கள். "சொல்லு, செய்றேன்" என்பது எடுத்துக்கொள்வது இல்லை. நினைவில் வைத்திருக்கும் வேலையும் சேர்ந்து கைமாற வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அமிக்டலா, தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்ததை 2007-இல் மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். நெருக்கடிக் காலத்தில் வீட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது தூக்கத்தை. காபியில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சாயங்காலக் காபி ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் புதிதாக வந்தால் அது பதற்றம் என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகும், திடீரென்று உயிரே போவதுபோல் ஒரு பயம் எழுந்து, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு, பிறகு தணிந்தால் அதைப் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பயங்கரமாக இருக்கும், ஆனால் கடந்துபோகும்.

பதற்றம் நோயாகிறதா என்று பார்க்க எளிய அளவுகோல், அது வாழ்க்கையிலிருந்து எதையெல்லாம் பறித்திருக்கிறது என்பது. வேலைக்குப் போவது, வெளியே போவது, தூங்குவது, சிரிப்பது. பல விஷயங்களைப் பற்றிய கட்டுப்படுத்த முடியாத கவலை, பெரும்பாலான நாட்களில், ஆறு மாதமாக இருந்தால் மருத்துவர்கள் அதைப் பொதுவான பதற்றக் கோளாறு என்பார்கள். ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் உலகில் 30 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு பதற்றக் கோளாறு இருந்தது. நான்கில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. நல்ல சிகிச்சை இருக்கிற ஒரு நோய்க்கு இது பெரிய அநியாயம்.

அறிதிறன் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. கவலையின் வாக்கியங்களைச் சோதித்துப் பார்ப்பதும், தவிர்த்தவற்றைப் படிப்படியாக எதிர்கொள்வதும் அதில் உண்டு. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது. யாராவது வாழ விருப்பமில்லை என்றோ, செத்துப்போகலாம்போல் இருக்கிறது என்றோ சொன்னால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். அதுவரை அவரைத் தனியாக விடாமல் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவோடு உட்கார்ந்து ஓர் ஏற்பாடு பேசினோம். அண்ணன் கிளம்பும்போது அவனே ஒரு தடவை, "கிளம்பிட்டேன், ஒன்பதரைக்கு வருவேன்" என்று சொல்ல வேண்டும். ஒன்பதரைவரை அம்மா போன் செய்யக் கூடாது. அவருக்கு அது ரொம்பக் கடினமாக இருந்தது. முதல் நாள் ஒன்பது மணிக்கே போன் செய்துவிட்டார். இரண்டாம் வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், "சும்மா உட்காரு" என்று சொல்லவில்லை. அவர் கை என் கையில் இருந்தது, உள்ளங்கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. ஒன்பதே காலுக்கு எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒன்பது நாற்பதுக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் தாமதம். அம்மா போனை எடுக்கவே இல்லை.